விரதம் இருந்த குரங்கு

ஜூலை 7, திங்கள்

காற்று. காலையிலிருந்து கண்ணில் மண். காப்பகத்துத் தகரக் கூரை பகல் முழுதும் டமடம.

இன்று சொல்லாதவை:

– குழந்தையின் கையைப் பிடித்துக் கம்பிவலைக்குள் விட்டு, "குடு, குடு, ஒன்னும் பண்ணாது" என்ற பேன்ட் சட்டைக்காரரிடம்: பண்ணினால் முதலில் ஓடப்போவது நீங்கள்தான்.

– எம்.எஸ்ஸி. விலங்கியல் என்றதும் "அதான் குரங்குகிட்ட கொண்டாந்து விட்டுட்டாங்களா" என்ற பெண்மணியிடம்: அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது வீட்டில் உட்கார்ந்தால் மூன்று நல்ல பதில்கள். மூன்றும் வீண்.

– டாக்டரிடம்: என்னால் முடியாது சார்.

சேர்ந்து ஒரு வாரம். மூன்று மாதப் பயிற்சி என்றதும் மருந்து போடுவேன், கட்டுக் கட்டுவேன் என்று நினைத்தேன். டாக்டர் (இனி டா.; மை மிச்சம்) ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். கிரிவலப் பாதையில் சொந்த நிலத்தில் கொட்டகை போட்டு, அடிபட்ட காட்டுப் பிராணிகளைத் தேற்றித் திரும்ப மலைக்கே அனுப்புகிறார். கட்டுக் கட்டுவதெல்லாம் அவரே. எனக்குப் பொதுமக்கள்.

"ஜனங்க வந்து பாக்காம ஜனங்களுக்கு எப்படிம்மா புரியும்? நீ எடுத்துச் சொல்லு. பேச்சு நான் எழுதித் தரேன்."

நான்கு பக்கம். 'வனவிலங்குகள் நமது தேசியச் செல்வம்' என்று ஆரம்பம். இன்று 'தேசிய' வரை சொன்னேன். அதற்குள் கூட்டம் கடலை வாங்கப் போய்விட்டது.

விஷயம் இந்தக் குரங்கு (கு.). இளம் ஆண். லாரியில் அடிபட்டு இடது கை முறிவு. மாவுக்கட்டு பிரித்தாயிற்று, கை கொஞ்சம் கோணல். இந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் வனத்துறை ரேஞ்சர் வந்து பார்ப்பார். அது மனிதர் கையில் தீனி வாங்கினால் 'பழகிவிட்டது' என்று எழுதி மெட்ராஸுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆயுசுக்கும் கூண்டு. வாங்காவிட்டால் அடி அண்ணாமலைக்கு மேலே, சரிவில் இருக்கும் கூட்டத்தோடு விட்டுவிடலாம்.

ஆகையால் பௌர்ணமி வரை ஒரு மனிதரும் கையால் ஒரு பழமும் கொடுக்கக் கூடாது. திருவண்ணாமலையில்!

ஜூலை 8, செவ்வாய்

அதே காற்று. செருப்பு வார் அறுந்தது.

கு.வுக்குத் தீனி வைக்கும் முறை: விடிந்ததும் சாக்குத் திரைக்குப் பின்னால் நின்று, வேர்க்கடலை, முருங்கைக்கீரை, புளியந்துளிர், அத்திக்காய் எல்லாவற்றையும் கிளை இடுக்குகளில் ஒளித்துவைக்க வேண்டும். யார் வைத்தது என்று அதற்குத் தெரியக் கூடாது. தானே தேடித் தின்ன வேண்டும். கடவுள் பார்க்கிற வேலை. சம்பளம் இல்லாததும் அதேபோல.

இந்த வேலை எனக்கு நன்றாக வருகிறது. யார் கண்ணிலும் படாமல் இருப்பதில் எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம்.

எதிரி: கன்னியம்மா (க.). வாசலில் வாழைப்பழக் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். பிறவியிலேயே மைக் வைத்த தொண்டை. "கொரங்குக்குப் பழம் குடுங்க! மல சுத்துற புண்ணியத்துல பாதி இங்கியே கெடைக்கும்!" டா. இரண்டு முறை நகரச் சொல்லிப் பார்த்தாராம். "ரோடு மலையோடது டாக்டரே, உங்களுது இல்ல" என்று பதில்.

இன்று அவள் வாங்கிக்கொடுக்கச் சொன்ன பழங்களை நான் ஒவ்வொரு கையாகப் பிடித்துத் தடுத்தேன். வாய் திறக்கவில்லை. சாயங்காலம் கூடையைத் தலையில் வைத்தபடி கேட்டாள்:

"இன்னா பாப்பா, பேசுனா வாயிலேந்து முத்தா கொட்டிடும்? வாயத் தொறந்து சொல்லேன்."

அதையும் இவள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரஷ்ய நாவல், பாதி. அதில் எல்லோரும் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். பனியில் நின்றுகொண்டு.

ஜூலை 9, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். பிறகு நானே நம்பமாட்டேன்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வேன். கடலை போடுகிற குடும்பம், பத்துப் பேர் இருக்கும். பச்சைப் புடவைக்காரி ஒருத்தி, சொந்தத் தோட்டத்துப் பழம் என்று ஒரு தாரே கொண்டுவந்திருந்தாள். க.விடம் ஒரு பழம்கூட வாங்கவில்லை. க. முகம் பார்க்க வேண்டுமே.

பச்சைப் புடவை நேரே வலைக்கு வந்து ஒரு பழத்தை நீட்டினாள். கு. கிளையிலிருந்து இறங்கியது. நான் நடுவில் போய் நின்று வாயைத் திறந்தேன். 'தேசிய'கூட வரவில்லை. கையை மட்டும் காட்டினேன்.

"இன்னாம்மா, பேச வராதா?"

வாசலிலிருந்து க.வின் குரல்: "வரும். பேசாது. மௌன விரதம்."

"அப்பிடியா! சரி, கொரங்குக்குக் குடுக்கலாமில்ல?"

"அதுவும் விரதந்தான். ரெண்டும் ஒன்னா எடுத்துருக்குது. விரதத்துல கீறதுக்குப் பழத்த நீட்டி அதக் கெடுக்கப் போறியா? குடும்பம் வெளங்குமா?"

பச்சைப் புடவை நெருப்பைத் தொட்டவள் மாதிரி கையை இழுத்துக்கொண்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றினார். பத்துப் பேரும் எனக்கும் குரங்குக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தாரோடு வேன் ஏறினார்கள்.

அவர்கள் போனதும் க.விடம் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீங்க?

"பின்ன? ஊர்லேந்தே பழம் தூக்கிகினு வராங்க. நான் இன்னா வேடிக்க பாக்கவா ஒக்காந்துகினு கீறேன்?"

இன்று சொல்லாதது ஒன்றே ஒன்று: 'இல்லை.'

ஜூலை 11, வெள்ளி

நேற்றும் இன்றும் வலைக்குள் ஒரு கைகூடப் போகவில்லை. செய்தி ஊருக்குள் போய்விட்டது. வருகிறார்கள், செருப்பைக் கழற்றுகிறார்கள், எட்டி நின்று பார்க்கிறார்கள். சிறுவர்கள் கல் எறியவில்லை. இது டா.வின் நான்கு பக்கமும், அறிவிப்புப் பலகையும், முள்வேலியும் செய்யாத வேலை.

க.வின் கூடையில் இப்போது கற்பூரம், எலுமிச்சம்பழம், துளசி. கோபமெல்லாம் போய்விட்டது. "நல்லா மூஞ்ச உம்முனு வெச்சிக்க பாப்பா. சிரிச்சிடாத."

உம்மென்று இருக்க எனக்குப் பயிற்சி தேவையில்லை.

ஆனால் விளக்கம் சொல்வதுதானே என் வேலை. பேசினால் விரதம் கலைந்துவிடும், பழங்கள் திரும்பிவிடும். பேசாவிட்டால் நான் எதற்கு? கடைத்தெருவில் ஒரு ஸ்லேட்டும் குச்சியும் வாங்கினேன். கடைக்காரர், "கொழந்தைக்கா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூலை 13, ஞாயிறு

கூட்டம். வெயில். சாமி கும்பிட வந்தவர்கள், மலை சுற்றுகிறவர்கள் எல்லோரும் இங்கே ஒரு நடை.

ஸ்லேட்டில் எழுதியது: 'கையில் தீனி வாங்கிப் பழகிய குரங்கு காட்டில் பிழைக்காது.' பெரிய மீசை வைத்த ஒருவர் உரக்கப் படித்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டுக்கினியா? உன் அண்ணனுக்குத்தான் சொல்லுது."

ஓர் அம்மாள், பெண்ணுக்கு எப்போது வரன் அமையும் என்றாள். தலையை ஆட்டி மறுத்தேன். விடவில்லை. பாடத்தில் அடுத்த வரியை எழுதினேன்: 'குரங்குகள் கூட்டமாக வாழும் இனம். தனியே வைத்தால் நோய்வாய்ப்படும்.' அம்மாள் கண்ணை மூடி யோசித்தாள். "பெரிய குடும்பத்துலதான் குடுக்கணும்னு வந்துருச்சு. தனிக்குடித்தனம் ஆவாது." திருப்தியாகப் போனாள்.

சர்க்கார் உத்தியோகஸ்தர் மாதிரி இருந்த ஒருவர் டிரான்ஸ்ஃபர் பற்றிக் கேட்டார். வலையில் சாய்ந்து நின்று கேட்டார். 'தயவுசெய்து வலையைத் தொடாதீர்கள்' என்று எழுதிக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "சரிங்க. பெட்டிஷன் போடல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

மத்தியானம் ஓர் ஆபத்து. கு. எல்லார் எதிரிலும் கிளை இடுக்கிலிருந்து வேர்க்கடலையை எடுத்து உடைத்துத் தின்றது. "சாப்புடுதே!" என்று ஒரு குரல். கூட்டம் க.வைப் பார்த்தது.

க. அசரவில்லை. "கடலதான? பலகாரம். சோறு சேத்துக்காது."

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் சஷ்டி என்றால் அப்பாவுக்கு ஐந்து இட்லி.

அதற்குப் பிறகு என் தயிர்சாதத்தை வெளியில் எடுக்க முடியாது. மருந்துக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து தின்றேன். அங்கே சிறகு ஒடிந்த கூகை ஒன்று கூண்டில் இருக்கிறது. ஊறுகாயைக் கடிக்கும்போது அது தலையை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தது.

ஒன்று மட்டும் எழுதிவைக்க வேண்டும். படிக்கிறார்கள். எழுதின ஒவ்வொரு வரியையும் படிக்கிறார்கள், தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்கிறார்கள். அர்த்தம்தான் வேறு.

ஜூலை 14, திங்கள்

மழை வருகிற மாதிரி இருட்டிவிட்டு ஏமாற்றியது. தலைவலி.

வேங்கிக்காலில் எங்கள் தெருக் குழாயடிக்குச் செய்தி வந்துவிட்டது. ராத்திரி சாப்பாட்டில் அம்மா:

"ஏண்டி, உங்க ஆபீஸ் பக்கந்தானாமே. ஒரு பொண்ணு கொரங்கோட சேந்து மௌன விரதம் இருக்குதாமே. நீ பாத்தியா?"

"பாத்துருக்கேன்."

"எழுதிக் காட்டுனா அப்பிடியே நடக்குதாம். பௌர்ணமிக்கு நாங்க நாலு பேரு போறோம். உன் ஜாதகத்தையும் எடுத்துகினு போயி, எப்ப அமையும்னு கேட்டுட்டு வரேன்."

(அம்மாவிடம் சொல்லியிருப்பது: விலங்கு ஆஸ்பத்திரியில் எழுத்து வேலை, ஃபேன் உண்டு. குரங்கு என்ற சொல்லே எங்கள் வீட்டில் இதுவரை வரவில்லை.)

"அந்தப் பொண்ணு எப்பிடிடி இருக்கும்? மொகத்துல ஒரு களை இருக்குமே?"

"சுமாரா இருக்கும்மா."

அப்பா பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். மறுபடி ஏற்றிக்கொண்டார்.

ஜூலை 16, புதன்

டா. பரம சந்தோஷம். அவர் பகலெல்லாம் உள்ளே மருந்தும் ஊசியுமாக இருக்கிறார், வாசலில் நடப்பது தெரியாது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கூட்டம், அமைதி, ஸ்லேட்.

"எழுதிக் காட்டணும்னு எனக்குத் தோணலியேம்மா! ஒருத்தன்கூடக் கை நீட்டறதில்ல. ரேஞ்சர்கிட்ட சொல்லிட்டேன், இந்தப் பொண்ணு ஜனங்களைப் படிக்க வெச்சிட்டான்னு. வெறும் விஞ்ஞானம், மூடநம்பிக்கைக்கு இடமே இல்லன்னு சொன்னேன்."

சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ கற்பூரம் கொளுத்த, "என்னமோ புகையுதே" என்றார்.

"குப்பை சார்."

இது சொல்லாதது அல்ல. சொன்னது. அதனால் இன்னும் மோசம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியலிலிருந்து.

இன்றைக்கு வந்த இடி. காலையில் ஒருவர் க.விடம், "விரதம் எப்பம்மா முடியுது? ஒரு மண்டலமா?" என்று கேட்டார். க. கூசாமல் சொன்னாள்:

"வர்ற பௌர்ணமிக்கு முடியுது. திங்கக்கெழம சாயங்காலம், நெலா கெளம்பச் சொல்ல. முடிச்சு வெக்கறவங்க கையால ஒரு வாய் குடுத்தா ரொம்ப விசேஷம்."

பத்து நிமிஷத்தில் ஆளாளுக்கு ஒன்று ஏற்றுக்கொண்டார்கள். வடைமாலை ஒருவர். சுண்டல் ஒருவர். கீழ்பென்னாத்தூர் பச்சைப் புடவை ஒரு தவலை சர்க்கரைப் பொங்கல் கொண்டுவருகிறாளாம்.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? விரதம் என்று ஒன்று இருந்தால் அதை முடிக்க வேண்டும். முடிப்பதென்றால் சாப்பாடு. சாப்பாடென்றால் ஊரே. ஒரு வாரமாகத் தள்ளிவைத்த கைகள் எல்லாம் ஒரே சாயங்காலம், ரேஞ்சர் வருவதற்கு முந்தின நாள், வலைக்குள் வரப்போகின்றன.

ஜூலை 18, வெள்ளி

க.வோடு சண்டை. அதாவது அவள் பேசினாள், நான் நின்றேன்.

"நான் இன்னா பாப்பா பண்ணட்டும்? பத்து நாளா பழம் ஓடல. உன் கொரங்குக்காக நான் எலுமிச்சங்கா வித்தேன். ஒரு பௌர்ணமிக்கு ஏவாரம் பண்ணா தப்பா? அம்பது சீப்பு சொல்லிட்டேன்."

அது கூண்டுக்குப் போய்விடும் என்றேன்.

"ஒரு நாளு பழம் துன்னா கூண்டா? நான் தெனம் துன்றேன், என்ன எந்தக் கூண்டுல போட்டாங்க?"

பிறகு கொஞ்சம் இறங்கி: "நீதான் வாயத் தொறந்து சொல்லேன், விரதம் இல்லன்னு. நான் சொன்னா எவன் கேப்பான்? எனக்கே மறந்துபோச்சு அது பொய்யின்னு."

விடியற்காலை தீனி வைக்கும்போது கு. தூங்கிக்கொண்டிருந்தது. கோணல் கையை வயிற்றோடு சேர்த்து அணைத்தபடி. திரைக்குப் பின்னால் இருந்த என்னை அதற்குத் தெரியாது. தெரியக் கூடாது. தெரிந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததை எழுதிவிட்டேன், போகட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

டா.விடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊசி கழுவிக்கொண்டே கேட்டார். திரும்பவில்லை. முதுகைப் பார்த்துச் சொல்வது சுலபமாக இருந்தது.

கடைசி ஊசியையும் துடைத்து வைத்துவிட்டு: "ஸ்லேட்ல எழுதினதெல்லாம் சரியான தகவல்தானே?"

"சரிதான் சார்."

"அப்ப பாதிதான் தப்பு."

பிறகு உட்கார்ந்துவிட்டார். வாசலைப் பூட்டிவிடலாமா என்றேன். பௌர்ணமிக் கூட்டத்துக்கு எதிரில் பூட்டெல்லாம் நிற்காது, தகரத்தையே பெயர்த்துவிடுவார்கள் என்றார். குரங்கை உள்ளே மாற்றலாமா? பிடிப்பதென்றால் கையால் பிடிக்க வேண்டும், மயக்க மருந்து கொடுக்க வேண்டும், அதுவும் வேண்டாம்.

"நானே பேசறேன். நாலு பக்கம் இருக்கே" என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

நான் போய் ஒரு ஸ்டூல் தேடிவைத்தேன்.

ஜூலை 21, திங்கள். பௌர்ணமி

வேகமாக எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

மூன்று மணிக்கே கூட்டம். க. பழச்சீப்புகளைச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தாள். வடைமாலை வந்தது. பொங்கல் தவலையை இரண்டு பேர் கம்பில் கட்டித் தூக்கிவந்தார்கள். மீசைக்காரர் மனைவியோடும், மனைவியின் அண்ணனோடும். பெட்டிஷன் போடாத உத்தியோகஸ்தர், டிரான்ஸ்ஃபர் ரத்தான சந்தோஷத்தில் ஒரு பெட்டி லட்டோடு.

டா. ஸ்டூல் மேல் ஏறினார். "வனவிலங்குகள் நமது தேசியச் செல்வம்" என்றார்.

"அரோகரா!" என்றது கூட்டம்.

"அவற்றைப் பாதுகாப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை."

"அரோகரா!"

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் அரோகரா. இரண்டாம் பக்கம் பாதியில் டா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மலைக்கு அந்தப் பக்கம் வானம் வெளுத்தது. "நெலா கெளம்பிருச்சு!" என்று யாரோ கத்த, கூட்டம் ஒரே தள்ளாகத் தள்ளி வலைக்கு வந்துவிட்டது. ஸ்டூல் சாய்ந்தது. டா.வைக் காணோம்.

கு. மூலையில் சுருண்டிருந்தது. பிறகு மூக்கை நீட்டியது. பொங்கல் வாசனை எனக்கே தாங்கவில்லை. ஓரடி. இன்னோரடி. பச்சைப் புடவை பழத்தை உரித்து நீட்டிக்கொண்டிருந்தாள். கோணல் கை வலைக்கண் வழியாக வெளியே வந்தது. பழத்துக்கும் அந்த விரல்களுக்கும் நடுவில் ஒரு சாண்.

"குடுக்காதீங்க!"

யார் கத்தியது என்று நானும்தான் திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். மூட வழியில்லாமல் பேசினேன்:

"விரதம் இல்லீங்க. நானும் இல்ல, அதுவும் இல்ல. எனக்குப் பேசக் கூச்சம், அவ்ளோதான். நாளைக்கு ரேஞ்சர் வராரு. உங்க கையால ஒரு பழம் வாங்கிச்சின்னா மெட்ராஸ்ல கூண்டு, சாவற வரைக்கும். வாங்கலன்னா மலை. நீங்க சுத்துறீங்களே, அந்த மலை."

இதைவிடச் சின்னப் பேச்சு இந்த ஊரில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். முடிந்ததும் அரோகரா இல்லை. சத்தம் கிளம்பியது.

"அப்ப பொய்யா?"

"வேன் வெச்சிகினு வந்துருக்கறோம்!"

"பொங்கல இன்னா பண்றது?"

மீசைக்காரர்: "அப்ப எம் மச்சான் விஷயம்?" மச்சான்: "இன்னா விஷயம்?"

"இந்தப் பொண்ணு ஊரையே ஏமாத்திட்டா" என்று ஒருவர் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னாலும் நாலைந்து பேர். அவர்கள் அக்குளுக்குக் கீழே புகுந்து, கையில் எலுமிச்சம்பழமும் மஞ்சள் தடவிய ஜாதகமுமாக ஓர் உருவம்.

"வசந்தி?"

அம்மா. என்னைப் பார்த்தாள். குரங்கைப் பார்த்தாள். ஸ்லேட்டைப் பார்த்தாள். எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள்.

"ஃபேன் உண்டுன்னியேடி!"

நான் பதில் யோசிப்பதற்குள் அந்த ஆள் மறுபடி "ஏமாத்துக்காரப் பொண்ணு" என்றார். அம்மா திரும்பினாள். அந்த முகத்தை நான் ரேஷன் கடையில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

"யாருய்யா அது? எம் பொண்ணு எம்.எஸ்ஸி. படிச்சவ. அவ வாயே தொறக்கலியேய்யா, நீங்களா வந்து வுழுந்து கும்புட்டுட்டு அவள சொல்றீங்களா? பழத்தப் பின்னால எடு. எடுன்னா எடு! யம்மா பச்சப் பொடவ, காது கேக்கல? அது மலைக்குப் போவணுமாம், நீ ஏன் கூண்டுக்கு அனுப்புற? ஒரு கை உள்ள போச்சு, ஒடிச்சிடுவேன்!"

வலைக்கு முதுகைக் காட்டி, கைகளை விரித்து நின்றாள். ஜாதகம் ஒரு கையில் கொடி மாதிரி. அவளுக்குப் பின்னால் கு. ஒரே தாவில் உச்சிக் கிளைக்கு ஏறிவிட்டது. அப்புறம் இறங்கவே இல்லை.

பொங்கலுக்கு வழி சொன்னது க. "விரதம் இல்லன்னா இன்னா, பொங்கல் பொங்கல்தான? மல சுத்துறவங்க பசியோட வராங்க, எலையப் போடுங்க!" தைத்த மந்தார இலைக் கட்டு ஒன்று அவள் கூடைக்கு அடியிலிருந்து வந்தது. எப்போது வாங்கி வைத்தாள் என்று அந்த அருணாசலேஸ்வரருக்கே வெளிச்சம். ரோட்டோரம் உட்காரவைத்துப் பரிமாறினார்கள். பச்சைப் புடவைதான் கரண்டி. போகிறபோது என்னிடம் வந்து, "மொதல்லியே சொல்லியிருந்தா நாங்க கேக்க மாட்டமா?" என்றாள். கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இன்று கேட்டார்கள்.

டா. சட்டையில் பொங்கலோடு வந்தார். "உங்கம்மாவ மூணு மாசம் பயிற்சிக்கு எடுத்துக்கலாமா?"

வேங்கிக்கால் வரும்வரை அம்மா ஜாதகத்தை நீவிக்கொண்டே வந்தாள். தெருமுனையில்:

"எப்ப கல்யாணம்னு கேட்டிருந்தா ஸ்லேட்ல இன்னா எழுதியிருப்ப?"

"தயவுசெய்து வலையைத் தொடாதீர்கள்."

அம்மா சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. பிறகு முதுகில் ஒன்று வைத்தாள். வலித்தது.

ஜூலை 22, செவ்வாய்

காற்று இல்லை. வெயில்.

ரேஞ்சர் பதினோரு மணிக்கு. கூடவே ஒரு கேமராக்காரர். முதல் காரியமாகப் பாக்கெட்டிலிருந்து ஒரு கிரீம் பிஸ்கட் எடுத்தார். வலைக்குள் நீட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

நேற்று ஒரு சாண்தானே பாக்கி.

கு. கிளையிலிருந்து இறங்கி வந்தது. பிஸ்கட்டைப் பார்த்தது. ரேஞ்சரைப் பார்த்தது. பல்லை முழுதும் காட்டிக் கிறீச்சிட்டு வலையைப் பிடித்து ஓர் உலுக்கு. ரேஞ்சர் இரண்டடி பின்னால். தொப்பி கீழே, பிஸ்கட் கீழே.

"பாத்தீங்களா சார், கொஞ்சமும் பழகல" என்றார் டா., தொப்பியைத் தட்டிக் கொடுத்தபடி.

"பழகல, பழகல." கையெழுத்துப் போட்டார்.

அவர் போனதும் டா.: "நேத்து உங்கம்மா போட்ட சத்தத்துல மனுஷ ஜாதி மேலயே அதுக்குப் பயம் வந்துருச்சும்மா."

அம்மாவிடம் சொன்னேன். "நல்லதுதான" என்றாள். இரண்டாவது தோசைக்கு எண்ணெய் தாராளம்.

ஜூலை 25, வெள்ளி

விடியலில் மாட்டு வண்டியில் கூண்டை வைத்து அடி அண்ணாமலைக்கு மேலே, சரிவு ஏறும் இடம் வரை. குரங்குக் கூட்டம் பாறையில் உட்கார்ந்திருந்தது. கதவைத் திறந்துவிட்டு நாங்கள் புதருக்குப் பின்னால்.

கு. உடனே வெளியே வரவில்லை. பிறகு வந்தது. பெரிய ஆண் ஒன்று இறங்கிவந்து முகர்ந்தது, ஓர் அறை விட்டது, திரும்பிப் போனது. கு. அதன் பின்னால் போனது. கோணல் கையால் பாறையைப் பிடித்து ஏறியது. திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும். இருந்தாலும் டா. மூக்கைச் சிந்தினார். எனக்கும் ஜலதோஷம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மேகமூட்டம். சின்னத் தூறல். இன்று கூகைக்கு விளக்கம். வீட்டுக் கூரையில் கத்தினால் சாவு விழாது, எலிதான் குறையும் என்று முழுதாக மூன்று வாக்கியம், வாயால். ஒருவர் கடைசி வரை நின்று கேட்டார். பஸ்ஸுக்குக் காத்திருந்தாராம்.

நாலு மணிக்கு மலையிலிருந்து குரங்குக் கூட்டம் ரோட்டுக்கு இறங்கியது. க. எழுந்து கோலை எடுப்பதற்குள் ஒன்று கூடையில் பாய்ந்து ஒரு சீப்புப் பழத்தை அள்ளிக்கொண்டு ஓடியது. இடது கை கோணல்.

"பாப்பா! உன் விரதக்காரன்! புடி, புடி!"

அது வேப்பமரத்து உச்சியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உரித்துத் தின்றது. யார் கையிலிருந்தும் வாங்கவில்லை.